குதிரைக்குப் பென்ஷன் உண்டா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில், கூவம் ஆற்றைத் தாண்டினால் பருத்திப்பட்டு வரும். பெயரைக் கேட்டதும் பருத்திச் செடியும் வெடித்த காய்களும் மனக்கண்ணில் வந்தால் அது வாசகரின் பிழையல்ல. இப்போது அங்கே வெடிப்பதெல்லாம் புதிதாகக் கட்டிய சுவர்கள்தாம். ஆனாலும் ஏரி இருக்கிறது. 2019-ஆம் வருஷத்தில் அதைச் சுற்றி நடைபாதை போட்டு, பூங்கா அமைத்துத் திறந்தார்கள். காலையில் அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் வைத்தியர் சொன்னதற்காக நடக்கிறவர்கள். மீதிப் பேர் வைத்தியரிடம் போகாமல் தப்பிப்பதற்காக நடக்கிறவர்கள்.

அந்த ஏரிக்குச் சமீபத்தில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் காசிக்குப் போகிறவர்கள் உண்டு; சீட்டாட்டம் கற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் ஒரு குதிரை வாங்கினார். சிறு பிராயத்தில் ஏற்பட்ட ஆசையாம். கிண்டியில் ஓடிக் களைத்த பெண் குதிரை, சாந்தமான சுபாவம், எட்டு வயது. வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த லாயம் போட்டு, பழைய குதிரைக்காரர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். தினம் விடியற்காலையில் ஒரு மணி நேரம் சவாரி.

சென்ற மாசியில் நான் போயிருந்தபோது சிநேகிதர் முகம் வாடியிருந்தது. குதிரையின் இடது முன்கால் வீங்கியிருந்தது. இது மூன்றாவது தடவை. முழங்காலுக்குக் கீழே, பின்புறம் ஓடுகிற நரம்பு நாண் வில்லைப் போல் வளைந்து புடைத்திருந்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ ஓய்வு கொடுங்கள். பிறகு ஏறிப் பார்க்கலாம். மறுபடி வீங்காது என்று நான் எழுதித் தர முடியாது" என்று சொல்லியிருக்கிறார்.

"ஏறலாம் என்கிறாரா, கூடாது என்கிறாரா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் என்னைத் தீர்மானிக்கச் சொல்கிறார். நீங்கள் சரித்திரமெல்லாம் படிக்கிறவராயிற்றே, சார். ராஜாக்கள் லாயம் லாயமாகக் குதிரை வைத்திருந்தார்களே, கால் கெட்டுப் போனால் என்ன செய்தார்கள்?"

சுலபமான கேள்வி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், குதிரை ஏறிய மன்னர்களைப் பற்றி எழுதியவர்களில் அநேகர், மன்னர் இறங்கியதும் குதிரை என்னவாயிற்று என்று திரும்பிப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. தேசிங்குராஜன் ஒரு விதிவிலக்கு. 1714-இல் அவன் போர்க்களத்தில் மாண்டபோது அவனுடைய குதிரையும் மடிந்தது என்று கதைப்பாடல் சொல்கிறது. செஞ்சிப் பக்கத்து ஜனங்கள் அதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது போரில் செத்த குதிரை. போரில் செத்த குதிரைக்குப் பாட்டு கிடைக்கிறது. நொண்டிக்கொண்டே பத்து வருஷம் இருந்த குதிரைக்கு எந்தப் புலவர் பாட்டுக் கட்டினார்?

தமிழ்நாட்டுக் குதிரைகளின் பழைய கதை உண்மையில் கால் கெட்ட கதைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். அவர் கண்டவற்றில் முத்துக் குளிப்புக்கு அடுத்தபடியாக அவரை வியக்க வைத்தது குதிரை வாணிபம். ஹோர்முஸிலிருந்தும் அரேபியாக் கரையிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஒரு ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினார் என்றும், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்கினார்கள் என்றும், வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். யாத்திரிகர்கள் கணக்கைக் கொஞ்சம் ஊதிச் சொல்வது வழக்கம். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பயங்கரந்தான். காரணமும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. சோற்றையும் இறைச்சியையும் வேக வைத்துப் போட்டார்கள். குதிரை வைத்தியர்களையோ, வியாபாரிகள் கப்பலில் ஏற்றி வருவதில்லை. வருகிறேன் என்பவனையும் விடுவதில்லை. வைத்தியன் வந்தால் குதிரை பிழைத்துவிடுமே! பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யாரிடம் விற்பது?

பாரசீகத்து வஸ்ஸாஃப் என்ற சரித்திரக்காரரும் ஏறக்குறைய இதே சங்கதியைச் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியரின் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுத்தார்கள். பச்சை பார்லிக்குப் பதில் வறுத்த பார்லியும், நெய்யில் புரட்டிய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் ஆகாரம். அன்புக்குக் குறைவில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்தைக் குதிரைக்குப் போட்டிருக்கிறார்கள். குதிரையின் வயிறு மாப்பிள்ளை வயிறு அல்ல என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. குதிரைக்குத் தானியம் மிஞ்சினால் அந்தத் தீங்கு வயிற்றோடு நிற்பதில்லை. குளம்புக்குள் இறங்கி, நிற்கவே முடியாமல் செய்துவிடும்.

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்டுப் பெருந்துறையில் பொருளையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாகி ஒரு ராத்திரி மதுரை லாயத்தில் இருந்துவிட்டு மறுபடி நரிகளாகி ஓடியதும் நாம் அறிந்த திருவிளையாடல். அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு, நேற்று வந்த குதிரை இன்று லாயத்தில் இல்லை என்பது அவ்வளவு அதிசயமாகப் பட்டிருக்காது என்று எனக்கு ஒரு விபரீதமான எண்ணம் தோன்றுகிறது. பக்தர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆக, பாண்டியர் காலத்தில் குதிரைக்கு ஓய்வு என்ற கேள்வி எழவே இல்லை. ஓய்வு பெறும் வரையில் உயிரோடு இருந்தால் அல்லவா?

கும்பினியார் காலத்தில் நிலைமை மாறிற்று. அவர்கள் கணக்கர்கள். குதிரைக்கு என்ன செலவு, எத்தனை வருஷம் உழைக்கும் என்று பேரேடு வைத்துக்கொண்டார்கள். குதிரைப் படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்த்துப் பழக்குவதற்காக ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் பண்ணை போட்டார்கள்; பிற்காலத்தில் அதுவே கால்நடைப் பண்ணையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கின. நியூ சௌத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். (முருக பக்தர்கள் ஏமாற வேண்டாம்.)

பட்டாளத்தில் அதிகாரிகள் கூடிக் குதிரைகளை வரிசையாக நிறுத்திப் பரிசீலிப்பார்கள். வயதானது, கண் மங்கியது, அடிக்கடி நொண்டுகிறது என்று பொறுக்கித் 'தள்ளுபடி' செய்வார்கள். தள்ளுபடியான குதிரை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவன் பெரும்பாலும் வண்டிக்காரன். நேற்று வரையில் பியூகிள் ஓசைக்கு அணிவகுத்த பிராணி, இன்று அதே நொண்டிக் காலோடு வண்டி இழுக்கும். பட்டாளத்துக்கு ஆகாத கால் வண்டிக்கு ஆகும் என்று யார் தீர்மானித்தார்கள்? ஏலத்தில் விழுந்த விலைதான் தீர்மானித்தது.

இதிலே எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பருத்திப்பட்டிலிருந்து மேற்கே திருவள்ளூருக்கு அருகில் திருப்பாச்சூர் இருக்கிறது. அங்கே பழைய கோட்டை இருந்த இடத்தில், உழைத்து ஓய்ந்துபோன வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கும்பினியார் பென்ஷன் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். பூந்தமல்லியிலும் பட்டாளத்தாரின் முகாம் இருந்தது. அதாவது, இந்த வட்டாரமே ஒரு காலத்தில் சிப்பாயின் ஓய்வு என்பதைக் கண்ணால் பார்த்த வட்டாரம். சிப்பாய்க்குத் திருப்பாச்சூர் கிடைத்தது. அவனைச் சுமந்த குதிரைக்கு ஏலக்காரன் சுத்தியல் கிடைத்தது. இரண்டும் ஒரே பேரேட்டில், அடுத்தடுத்த பக்கங்களில்.

துரைமார்களிலும் வேறு மாதிரி நடந்தவர்கள் உண்டு. வெல்லிங்டன் பிரபு, வெறும் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் கலந்துகொண்டவர், 1803-இல் அஸ்ஸாயிச் சண்டையில் இரண்டு குதிரைகளை அடிபடக் கொடுத்தார். ஒன்று சுடப்பட்டது. டயோமெட் என்ற மற்றொன்றின்மேல் ஈட்டி பாய்ந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து வாட்டர்லூவில் அவர் நாள் முழுவதும் ஏறியிருந்த குதிரை கோப்பன்ஹேகன். சண்டை முடிந்து அவர் இறங்கித் தட்டிக் கொடுத்தபோது அது உதைத்த உதையில் பிரபுவின் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம்முடைய கிராமத்து மாளிகையில் அதை மேயவிட்டார். 1836-இல் இருபத்தெட்டாவது வயதில் அது இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரபுவுக்கு நிலம் இருந்தது, புல் இருந்தது, பணமும் இருந்தது. பெருந்தன்மைக்கு இவை மூன்றும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தால் சௌகரியம்.

முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்து போயின. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் ஸாண்டி. காலிப்போலியில் காயம்பட்டு உயிர் விட்ட ஒரு ஜெனரலுடைய குதிரை. மற்றவற்றைத் திருப்பிக் கொண்டு வர, நோய்த்தடைச் சட்டமும் கப்பல் செலவும் இடம் கொடுக்கவில்லை. சிலவற்றைச் சுட்டார்கள், சில இந்தியப் பட்டாளத்துக்கு வந்தன, எகிப்தில் நின்றவற்றில் ஆயிரக்கணக்கானவை அங்கேயே விற்பனையாயின. 1930-இல் டாரதி புரூக் என்ற ஆங்கில மாது கெய்ரோவுக்குப் போனார். கல் சுமக்கும் வண்டிகளில், எலும்பும் தோலுமாக, பட்டாளத்து முத்திரை இன்னும் அழியாத கிழக் குதிரைகளைக் கண்டார். மறு வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. சுமார் ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார்? பச்சைப் புல்வெளியில் மேயவிட்டார் என்று எழுதத்தான் கதாசிரியனான என் கை துறுதுறுக்கிறது. உண்மை அப்படியில்லை. பெரும்பாலானவை தேறுகிற நிலையில் இல்லை. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீனி போட்டு, வைக்கோல் பரப்பிய இடத்தில் நிற்க வைத்து, பிறகு வலியில்லாமல் முடித்து வைத்தார். முன்பே தள்ளுபடி செய்திருக்க வேண்டியதைப் பன்னிரண்டு வருஷம் பிந்திச் செய்தவர் அந்த அம்மாள். 1934-இல் அவர் கெய்ரோவில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி பின்னால் பல தேசங்களுக்குப் பரவிற்று.

சென்னையிலும் குதிரைக்கு ஓய்வு காலத்தில் ஒரு வழி இருந்தது. இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதை ஓய்வென்பதா, வேறு உத்தியோகம் என்பதா, தெரியவில்லை. பாம்புக் கடிக்கு நாம் போட்டுக்கொள்கிற மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினால் அதன் ரத்தம் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். கிண்டியில் பந்தயக் குதிரைகள் ஓடிய மைதானத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே, 1899-இல் ஸ்தாபித்த கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த மருந்து தயாரித்தார்கள். வடநெம்மேலியில் 1978-இல் இருளர்கள் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. ஓட முடியாத குதிரையும் இந்த வேலைக்கு ஆகும். கால் போனாலும் ரத்தம் போகவில்லை அல்லவா?

இதற்கும் ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜிம் என்ற ஒரு குதிரை. பால் வண்டி இழுத்தது. அதன் ரத்தத்திலிருந்து தொண்டை அடைப்பான் நோய்க்கு ஏராளமாக மருந்து எடுத்தார்கள். 1901-ஆம் வருஷம் அதற்கு ஜன்னி இசிவு கண்டது, கொன்றுவிட்டார்கள். ஆனால் நோய் வெளியே தெரிவதற்கு முன்பு எடுத்த சீரத்தைக் கொட்டவில்லை. பதின்மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த வருஷமே அந்த மாதிரி மருந்துகளைக் கண்காணிக்க அமெரிக்காவில் சட்டம் வந்தது. உழைத்த பிராணியிடமிருந்து கடைசிச் சொட்டு வரைக்கும் வாங்கிக்கொள்ளப் பார்த்தவர்கள், அந்தக் கடைசிச் சொட்டைப் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

சிநேகிதருக்கு இதெல்லாம் பதிலாகுமா? அவர் மனசில் இருந்தது வேறு. ஸீபிஸ்கெட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் சினிமாவை அவர் பார்த்திருக்கிறார். 1939-இல் அதன் முன்காலில் தசைநார் அறுந்தது. அதன் ஜாக்கி போலார்டுக்கும் கால் முறிந்திருந்தது. இருவரும் ஒரே பண்ணையில் சேர்ந்து நொண்டினார்கள்; சேர்ந்து நடந்தார்கள். 1940 மார்ச் மாதம் ஸான்டா அனிடாவில் பெரிய பந்தயத்தை ஜெயித்தார்கள். கேட்கும்போதே மயிர்க்கூச்செடுக்கிறது. ஆனால் அதன் முதலாளி அடுத்தபடி என்ன செய்தார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இன்னொரு பந்தயம் விடவில்லை. உடனே ஓய்வு கொடுத்துவிட்டார்.

மறுபக்கமும் உண்டு. 2006-இல் பார்பரோ என்ற குதிரைக்குப் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே பின்கால் நொறுங்கிற்று. பணத்தைப் பணமென்று பாராமல் எட்டு மாதம் வைத்தியம் செய்தார்கள். நொறுங்கிய கால் தேறி வந்தது. மற்றக் கால்கள் கெட்டன. குதிரை கட்டிலில் படுத்துக்கொண்டு குணமடைகிற பிராணி அல்ல. நானூற்றைம்பது ஐந்நூறு கிலோ எடையை எப்போதும் கால்களில்தான் தாங்கியாக வேண்டும். ஒரு காலை ஒதுக்கினால் அதன் பாரத்தை மற்றவை சுமக்கும். அந்தக் குளம்புகளுக்குள் அழற்சி உண்டாகும். 2007 ஜனவரியில் அதற்கு விடை கொடுத்தார்கள். நாண் வீக்கம் இவ்வளவு பயங்கரமல்ல. ஆனால் கிழிந்த நாண் பழைய நாணாக ஆறுவதில்லை. தழும்பாக ஆறும். தழும்புக்கு நீட்சி குறைவு. அதனால்தான் மறுபடி மறுபடி அதே இடம்.

சட்டத்தையும் பார்த்தேன். நம் ஊர்க் கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவைத் தொடர்ந்து, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உண்டாயிற்று. வயதாலோ நோயாலோ காயத்தாலோ ஆகாத பிராணியை வேலை வாங்குவது குற்றம். அதைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவதும் குற்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: வைத்துச் சோறு போடு. குதிரை இருபத்தைந்து முப்பது வயது வரைக்கும் இருக்கும். பந்தயக் குதிரையின் ஓட்டம் பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர் முப்பது வருஷம் உழைத்து இருபது வருஷம் பென்ஷன் வாங்கினாலே முணுமுணுக்கிற உலகம், நாலு வருஷம் ஓடிவிட்டு இருபது வருஷம் உட்கார்ந்து சாப்பிடுகிற கணக்கை எப்படிச் சகிக்கும்? எப்போது ஓய்வு கொடுப்பது என்று வைத்தியரைக் கேட்கிறோம். அப்புறம் யார் தீனி போடுவது என்பதுதான் கேள்வியின் அடியில் இருக்கிற கேள்வி.

அந்தச் செலவைத் தவிர்க்க ஆவடிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ராணுவத்தில் 16-ஆம் இலகு குதிரைப்படை என்று ஒரு பிரிவு உண்டு. 1776-இல் ஆற்காட்டு நவாபின் காலத்தில் உண்டான படை. அது இப்போது ஏறுவது டாங்கிகளின்மேல். பருத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையில் 1965-இலிருந்து டாங்கிகள் செய்கிறார்கள். டாங்கிக்கு வயதானால் ஒரு மேடை கட்டிப் பச்சை வர்ணம் பூசி நாற்சந்தியில் நிறுத்திவிடலாம். கொள்ளு கேட்காது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். கண்டதையெல்லாம் சொன்னேன். சிநேகிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வீக்கம் வடிந்துவிட்டது, சார். நேற்று ஏரிக் கரையில் நடத்திக்கொண்டு போனேன். நன்றாகத்தான் நடக்கிறாள்" என்றார். குரலில் ஆசை இருந்தது. திண்ணையில் சேணம் துடைத்து வைத்திருந்தது.

குதிரைக்காரக் கிழவர் அதைப் பார்த்தார், சிநேகிதரையும் பார்த்தார். "நடக்கும் அய்யா. நீங்க ஏறினா ஓடவும் ஓடும். அதுக்கு ஓடத்தானே தெரியும். வலிக்குதுன்னு அது சொல்லாது" என்றார்.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. குதிரை தொட்டியில் வாயை விட்டுக் கொள்ளைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மண்ணிலேயே நிக்கப் போவுதுன்னா லாடம் வேணாம் அய்யா. கழட்டிட்டா குளம்பு நல்லா விரியும். லாடக்காரனை வரச் சொல்லட்டுமா?"

சிநேகிதர் உடனே பதில் சொல்லவில்லை. லாடத்தைக் கழற்றினால் அப்புறம் தீர்மானத்தை மாற்றுவது கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில், "வியாழக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். நாலு லாடங்களையும் கழற்றித் திண்ணையில் வரிசையாக வைத்தார்கள். கிழவர் முன்கால் லாடங்கள் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது காலினுடையது ஓரத்தில் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. இடது காலினுடையதில் பாதித் தேய்மானங்கூட இல்லை.

"ரொம்ப நாளாவே அந்தக் காலை ஒதுக்கித்தான் வச்சிருக்கு, அய்யா" என்றார்.